போஞ்சிக் கொடிக்கு வந்த குளவி

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் வீடு இருக்கும் லயத்து வரிசைக்குப் பின்னால் மனைவி போஞ்சி போட்டிருந்தாள். கோயில் திருவிழா அன்னதானத்துக்கு ஒவ்வொரு லயமும் ஒரு மரக்கறி கொடுக்கவேண்டும். போன வருடம் நாங்கள் கொடுத்த போஞ்சி பண்டாரவளைச் சந்தையில் வாங்கியது என்று மேல் லயத்து மதினி எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அவர் சொன்னது உண்மைதான். அதனாலேயே இந்த வருடம் சொந்தக் கொடியில் பறித்துக் கொடுப்பதில் மனைவி பிடிவாதமாக இருந்தாள்.

திருவிழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில், அடி இலைகளில் வெள்ளைக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடியிருந்தன. ஒரு சிறு ஈயின் புழு இலைக்குள் இருந்தபடியே தின்றுகொண்டு போகும் வழி அது. மேல் லயத்து மதினி வேலியோரம் நின்று பார்த்தார்.

“என்ன மதினி, இலையில கோலமெல்லாம் போட்டிருக்கீங்க? இந்த வருசமும் பண்டாரவளைதானா?”

மனைவி அன்றே மருந்தடிக்கும் டாங்கியை இரவல் வாங்கி வந்தாள். அடித்தால் இரண்டு வாரம் காய் பறிக்கக் கூடாது என்று மருந்துப் போத்தலில் எழுதியிருந்தது. அடித்தால் திருவிழா தப்பிவிடும். அடிக்காவிட்டால் கொடியே போய்விடுமோ என்று அவளுக்குப் பயம்.

விவசாயப் போதனாசிரியரிடம் தொலைபேசியில் கேட்டேன். கோடு விழுந்த இலைகளைப் போத்தலில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, ஒரு வாரம் கழித்துப் பாருங்கள் என்றார். ஈயின் புழுவைத் தின்று வளரும் குளவிகள் ஈக்களைவிட நிறைய வெளிவந்தால் மருந்து வேண்டியதில்லை, அவையே புழுவை ஒழித்துவிடும் என்றும் சொன்னார்.

“குளவியா?” மனைவி அலறினாள். “போன மாசம் மலையில கொழுந்து பறிச்ச நாலு பேர ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போனது பத்தலையா? வீட்டுல வேற வளக்கணுமா?”

குளவி கொட்டிய செய்திகளை நானே எத்தனையோ முறை பத்திரிகைக்கு எழுதியிருக்கிறேன். இலைகளைப் போட்டுக் கட்டிய போத்தலை வெளியே விறகுக் கொட்டிலில் வைத்தேன்.

எட்டாம் நாள் போத்தலை வெள்ளைத் தாளின் மேல் வைத்து எண்ணினேன். முதுகில் மஞ்சள் புள்ளியுள்ள ஈ நான்கு. கடுகைவிடச் சிறிய, பச்சை மினுக்கத்துடன் கறுத்த குளவி இருபத்தாறு. எட்ட நின்ற மனைவி கிட்ட வந்தாள்.

“இதுவா குளவி? கொடுக்கு எங்க இருக்கு?”

“நம்மளக் கொட்டாது.”

துணியை அவிழ்த்து ஒன்றை விரலில் ஏறவிட்டாள். அது நகத்தின் மேல் நின்று மீசையைத் துடைத்தது. அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“இத்தனூண்டு இருந்துகிட்டு என்னா வேல பாக்குது!”

ஈக்களை நசுக்கினாள். குளவிகளைக் கொடிக்குள் பறக்கவிட்டு, டாங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அடி இலைகள் காய்ந்தன. மேலே வந்த இலைகளில் கோடு குறைவு. காய் கொத்துக் கொத்தாகத் தொங்கியது.

திருவிழாக் காலையில் மதினி தாமாகவே பறிக்க வந்தார். கொழுந்து பறித்துப் பழகிய கைகள்; இரண்டும் ஒரே நேரத்தில் ஓடின.

“பிஞ்ச விடுங்க மதினி! கொடியவே உருவிராதீங்க!”

“சும்மா இருங்க. இப்பிடிக் காய எந்தச் சந்தையில பாக்கிறது?”

கூடை நிறைந்ததும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கோயிலுக்கு இறங்கினார்கள். கறியா, பொரியலா என்ற சண்டை பாதி வழியிலேயே தொடங்கிவிட்டது.