கை நீட்டு

அம்மாசியின் வலது கையைத் தெரியாதவர்கள் எங்கள் தெருவில் கிடையாது. கரும்பு வெட்டுவதில் தியாகதுருகம் பக்கம் அவனை மிஞ்ச ஆளில்லை. சாயங்காலமானால் அதே கை பெண்டாட்டி பெரியநாயகி மேல் விழும். குழம்பில் உப்பு கம்மி என்றால் ஓர் அறை, ஜாஸ்தி என்றால் இன்னும் பலமாக. அவள் முன்பல் ஒன்று அப்படித்தான் போனது. பொண்டாட்டி மேல் கை நீட்டாத ஆம்பளை உண்டா என்று அவனைப் பெற்றவளே கேட்பாள். நல்ல குடும்பம்!

போன வருஷம் கரும்புக் கொல்லையிலேயே பக்கவாதம் வந்து விழுந்தான். வாய் சீக்கிரமே தேறிவிட்டது. அவனுக்கு அதுதானே முதலில் தேறும். காலை இழுத்து இழுத்து நடந்தான். வலது கை மட்டும் செத்துக் கிடந்தது, கிள்ளினாலும் தெரியாது. பீச்சாங்கையால் சோறு தொட மாட்டானாம், கௌரவம். கூலிக்கும் போய், வந்து அவனுக்கு ஊட்டியும் விட்டாள் பெரியநாயகி.

வீட்டுக்கே வரும் பிசியோதெரபி பெண் ஜெயசுதா ஒரு கண்ணாடி கேட்டாள். என் வீட்டு பீரோவிலிருந்து கழன்று கிடந்ததைக் கொடுத்தேன். அதை அவனுடைய இரண்டு கைக்கும் நடுவில் நிறுத்தினாள். செத்த கை கண்ணாடிக்குப் பின்னால் மறைந்தது. இடது கையை ஆட்டினால் கண்ணாடியில் வலது கை ஆடுவது போலத் தெரியும். அதைப் பார்த்துப் பார்த்து மூளை ஏமாந்து, நிஜக் கையும் அசைய ஆரம்பிக்குமாம்.

"அண்ணா, கை நீட்டுங்க" என்றாள்.

பெரியநாயகி சட்டென்று முகத்தை மறைத்துக்கொண்டு பின்வாங்கினாள். பழக்கதோஷம்.

அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும், பாவம். பெரியநாயகியிடம், தினமும் நீங்கள்தான் பக்கத்தில் உட்கார்ந்து 'கை நீட்டு, கை நீட்டு' என்று சொல்ல வேண்டும், கண்ணாடிக்குப் பின்னால் விரல் அசைந்தால் எனக்குச் சொல்லுங்கள், பாதியில் விட்டால் கை முறுக்கிக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அதைச் சொல்ல உலகத்தில் வேறு ஆளே கிடைக்கவில்லை.

பெரியநாயகியும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு தினமும் சொன்னாள். கை வரட்டும்டி, அப்புறம் இருக்குது உனக்கு என்று கறுவிக்கொண்டே அவன் ஆட்டினான்.

ஆடி மாதம் ஒருநாள் நான் போயிருந்தபோது, கண்ணாடிக்குப் பின்னால் கட்டைவிரல் அசைந்தது. நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள். அந்தப் பக்கம் இருந்த அவனுக்குத் தெரியவில்லை.

"இன்னாடி, அசையுதா?"

"இல்லய்யா."

அவன் நம்பாமல் என்னைக் கேட்டான். பெரியநாயகி என் பக்கம் திரும்பவே இல்லை. விரல்கள் மெல்ல மெல்ல மடங்கி முஷ்டியாவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் அசையலண்ணா" என்றேன்.

அடுத்த முறை ஜெயசுதா வந்தபோது, அவருக்கு இஷ்டமில்லை, இனிமேல் வர வேண்டாம் என்று பெரியநாயகி வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டாள். என் கண்ணாடியைத் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் கை இப்போது முறுக்கிக்கொண்டு நெஞ்சோடு ஒட்டிக் கிடக்கிறது.

கூலிக்குப் போய்விட்டு வந்து இன்றைக்கும் அவள்தான் ஊட்டுகிறாள், துளி உப்பில்லாமல் பிசைந்து. சப்புன்னு இருக்குதுடி என்று அவன் முனகுவான்.

"அப்போ கை நீட்டுய்யா, பாப்போம்" என்பாள், அடுத்த வாய்ச் சோற்றை அவன் உதட்டருகே பிடித்துக்கொண்டு.