நாய்க்குட்டியும் ஒற்றைச் செருப்புகளும்

எனக்கு நாய் பார்க்கத் தெரியும். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்றால் பொய்யாகிவிடும், கொஞ்சம் பெருமைக்கும்தான் சொல்கிறேன்.

ஆசிரமத்துப் பக்கம் செங்கம் ரோட்டை ஒட்டி வாடகைக்கு இருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாவின் ரெட்ரீவர் நாய், ஆறு குட்டி போட்டிருந்தது. அப்பன் பக்கத்து நிலத்து வேட்டை நாய். வாடகை வீட்டில் ஏழு நாயை வைத்துக்கொண்டு அந்த அம்மா திண்டாடிக்கொண்டிருந்தார். "பாத்துட்டு மட்டும் வா, தூக்கிட்டு வராத" என்று சொல்லித்தான் என் வீட்டுக்காரர் அனுப்பினார். அவர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். ஏணியோடு தெருத்தெருவாகப் போன காலத்தில் கெண்டைக்காலில் இரண்டு முறை நாய்க்கடி வாங்கியவர். அவர் பயத்தில் நியாயம் இருந்தது. ஆனாலும் நான் பையில் பழைய துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டுதான் போனேன்.

ஓடிவந்து காலை நக்கிய குட்டியை நான் தொடவில்லை. அதை யார் வேண்டுமானாலும் எடுத்துப் போவார்கள். கையிலிருந்த சாவிக்கொத்தைத் தரையில் போட்டேன். ஒன்று கத்திக்கொண்டே கட்டிலுக்கடியில் போனது. இரண்டு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழுப்பு நிறத்தில், நெஞ்சில் மட்டும் வெள்ளைப் பட்டையோடு இருந்த ஒரு குட்டி துள்ளிப் பின்வாங்கியது; பிறகு மெதுவாகத் திரும்பி வந்து சாவியை முகர்ந்தது; அதை வாயில் கவ்விக்கொண்டு வந்து என் காலடியில் வைத்தது. பயப்படவும் தெரிகிறது, பயத்தை விட்டு வரவும் தெரிகிறது. காதை முகர்ந்து பார்த்தேன், நாற்றமில்லை. ஈறு நல்ல ரோஸாக இருந்தது. வயிறு உப்பவில்லை. துண்டில் சுற்றி ஆட்டோ ஏறிவிட்டேன்.

வேங்கிக்காலில் எங்கள் வீட்டு வாசலில் அவர் நின்றிருந்தார். துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஆறு மாசம் பாப்பேன்" என்றார். "தொந்தரவுன்னு ஒருத்தர் வாசலுக்கு வந்தாலும் அனுப்பிடுவேன்."

"யாரும் வரமாட்டாங்க, நீங்க பாருங்க" என்றேன்.

கலெக்டர் ஆபீஸில் முப்பது வருஷம் ஆட்களை வேலை வாங்கியவளுக்கு ஒரு குட்டியை வளர்ப்பது பெரிய விஷயமில்லை. பூச்சி மருந்து, தடுப்பூசி எல்லாம் கால்நடை மருத்துவமனையில் சொன்ன தேதிக்கு ஒரு நாள் தப்பாமல் நடந்தது. குட்டியாக இருந்தவரை நாளைக்கு நாலு வேளை சாப்பாடு, பிறகு மூன்று வேளை. சோற்றோடு அவித்த முட்டை, கோழி; எலும்பு மட்டும் கிடையாது. அதன் அம்மாவைப் போல காது தொங்கியதால் வாரம் ஒரு முறை பஞ்சால் துடைத்தேன். தார் ரோடு சுடுவதற்குள், காலை ஐந்தரைக்கே நடை. தடுப்பூசி போட்ட அன்று குட்டி வாசல் பக்கம் சுருண்டு படுத்திருந்தது. அதற்கடியில் இவருடைய தோள்துண்டு கிடந்தது. "கொடியிலேருந்து விழுந்திருக்கும்" என்றார். கொடி பின்பக்கம் இருக்கிறது.

நான் செய்த தப்பு வேறு. எதையாவது எறிந்தால் எடுத்து வருவது அதன் அம்மா வழிப் புத்தி. அதை முறையாகப் பழக்கலாம் என்று நினைத்தேன். கடையில் பந்து வாங்கியிருக்கலாம். கைக்குக் கிடைத்தது என் பழைய ரப்பர் செருப்பு. "கொண்டா" என்றால் மாடிப்படி, தோட்டம் என்று எங்கே கிடந்தாலும் ஒரு பல் பதியாமல் கொண்டுவந்து வைக்கும். நான் கைதட்டி, முட்டைத் துண்டு கொடுப்பேன். தெருவே பார்க்கட்டும் என்று வாசலில் வைத்தே இந்தப் பாடத்தை நடத்தினேன். இந்த ஊரில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும், ஒவ்வொரு சன்னதி முன்பும் செருப்பு கிடக்கும் என்பது, இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு ஏனோ தோன்றவில்லை.

ஐந்தாவது மாதத்தில் ஒரு சங்கடஹர சதுர்த்தி. தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் சாயங்காலம் நல்ல கூட்டம். அப்பனைப் போல உடம்பு ஒல்லி என்பதால் குட்டி கேட்டுக்கடியில் நுழைந்து போயிருக்கிறது. தீபாராதனை முடிவதற்குள் எங்கள் வாசலில் பதினோரு செருப்புகள். பதினொன்றும் ஒற்றை. கடைசியாக ஒரு லெதர் செருப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, முட்டைக்காக என் முகத்தைப் பார்த்தது. அதன் பின்னாலேயே தெரு ஜனம், எல்லாரும் ஒரு காலில் மட்டும் செருப்போடு வந்தார்கள்.

"அக்கா, எனக்குச் சிரிப்புதான் வருது" என்றாள் எதிர்வீட்டுப் பெண். "ஆனா என் மாமியார் வந்தா சிரிக்கமாட்டாங்க."

மாமியார் வந்தார், சிரிக்கவில்லை.

இவர் யாரோடும் சண்டை போடவில்லை. அன்றைக்கே செங்கம் பக்கம் மணிலாக் கடலை பயிரிடும் தன் பழைய சிநேகிதருக்குப் போன் செய்தார். அங்கே காட்டுப்பன்றித் தொல்லை ஜாஸ்தி. ஓடுகிற நாயாக ஒன்று வேண்டும் என்று அவர் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அமாவாசை கழிந்து நாலு நாளில் வந்து கூட்டிப் போகிறேன் என்றாராம். எனக்குப் பதினைந்து நாள் இருந்தது.

அழுதேன், ஒரு நாள். மறுநாள் வேலையைத் தொடங்கினேன். செருப்பைக் கவ்வினால் ஒன்றும் கிடையாது. "விடு" என்றதும் விட்டால் முட்டை. எறிந்தால் எடுத்து வர, கந்தல் துணியை முடிந்து ஓர் உருண்டை செய்தேன். வாசலில் செருப்புகளை வரிசையாக வைத்து, கயிற்றோடு அந்த வரிசையை ஒட்டி நடத்தினேன், காலை பத்து நடை, மாலை பத்து நடை. என் செருப்புகள் போதவில்லை. நான் கேட்காமலே ஒரு நாள் வரிசையின் கடைசியில் இவருடைய செருப்பும் இருந்தது. பன்னிரண்டாம் நாள் கயிறில்லாமலே அந்த வரிசையைத் தாண்டிப் போய் என் பக்கத்தில் உட்கார்ந்தது. செருப்புப் பக்கம் திரும்பவில்லை. இவர் பேப்பருக்கு மேலே பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு பக்கத்தைப் புரட்டினார். என் வேலையில் குறையில்லை என்று எனக்குத் தெரியும், அதனாலேயே கோபம் தாங்கவில்லை.

சிநேகிதர் வந்தார். செருப்பை வாசலில் விட்டு உள்ளே வந்தார். பின்பக்கம் வந்து என் கையில் கயிற்றோடு நின்ற குட்டியின் நெஞ்சைத் தொட்டுப் பார்த்து, "காலு நல்லா நீளம் அண்ணி, நான் நல்லா பாத்துக்குறேன்" என்றார். நல்ல மனிதர், குறை சொல்ல ஒன்றுமில்லை. சமையலறையில் காபி கலக்கும்போதும் கயிற்றை மணிக்கட்டில் சுற்றியே வைத்திருந்தேன். இவர் எதற்கோ ஒருமுறை எழுந்து வாசலுக்குப் போய்வந்தார்.

கிளம்பும்போது சிநேகிதரின் செருப்பில் ஒன்றைக் காணவில்லை.

"சொன்னேன்ல, இதோட புத்தி இதான்" என்றார் இவர், அலுத்துக்கொண்டு. "உன் நிலத்துல களை எடுக்க பத்துப் பேரு வருவாங்க. வரப்புல விட்ட செருப்பு ஒண்ணு மிஞ்சாது. அப்புறம் எம்மேல வருத்தப்படாத."

சிநேகிதர் யோசித்தார். "ஆளு கிடைக்கறதே கஷ்டமா இருக்கு. வேணாண்ணே" என்றார். இவர் தன் செருப்பைக் கொடுத்து அவரை பஸ் ஏற்றிவிட்டு, வெறுங்காலோடு திரும்பி வந்து பேப்பரை விரித்தார்.

நான் வாசலுக்குப் போனேன். குட்டி என் கையை விட்டு ஒரு நிமிஷம்கூட நகரவில்லை. தொட்டிக்குப் பின்னால், கேட்டுக்கடியில், எங்கும் இல்லை. பிறகுதான் நிமிர்ந்தேன். என் தலைக்கும் மேலே, மீட்டர் பெட்டி மேல் அந்தச் செருப்பு இருந்தது. ஸ்டூல் போட்டு எடுத்தேன். துளி எச்சில் இல்லை.

அதைக் கொண்டுபோய் அவர் பக்கத்தில் வைத்தேன். அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"முட்டை தீந்துபோச்சா?" என்றார். "கடைக்குப் போறேன். அந்தக் கயித்த இப்படிக் குடு."