நான் தவறாக உடைத்த மூன்று கியூப்கள்

நெடுஞ்சாலைப் பணிக்கு வரும் ஜல்லி, மண், தார், கான்கிரீட் எல்லாவற்றையும் சோதித்துச் சொல்வது என் வேலை. ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவே, சாலையோரக் கேம்பில் நிற்கும் ஒரு கன்டெய்னர்தான் எங்கள் லேப். அங்கே நான் சீனியர் டெக்னீஷியன்.

பாலத்துக்குக் கான்கிரீட் போடும்போதெல்லாம் அதே கலவையில் கியூப் எனப்படும் ஆறு கனசதுரக் கட்டிகளை வார்த்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவைப்போம். ஏழாம் நாள் மூன்றை மெஷினில் வைத்து நசுக்கிப் பார்ப்போம். மீதி மூன்று இருபத்தெட்டாம் நாளுக்கு.

பாலத்துச் சுவர் ஒன்றின் ஏழாம் நாள் சோதனையன்று எனக்கு நல்ல காய்ச்சல். லீவு போட்டிருக்கலாம். என்னை விட்டால் ஆளில்லை என்ற நினைப்பு. மூன்று கியூபும் மளமளவென்று சீக்கிரமே நொறுங்கின. ரீடிங்கை எழுதி, ஃபெயில் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன்.

கான்கிரீட்டுக்குப் பலமில்லை என்றால் முதலில் மாட்டுபவர் கலவை போடும் பிளான்ட் ஆபரேட்டர்தான். வாணியம்பாடிக்காரர், ஐம்பதை நெருங்குகிறவர், எங்கள் எல்லாருக்கும் பாய். தண்ணீரை அதிகம் விட்டுவிட்டார் என்று அன்று மாலையே அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். எனக்குப் போன் செய்தார்.

"தண்ணி ஒரு சொட்டுகூட ஜாஸ்தி வுடல மேடம்."

"ரிசல்ட் அப்டி வந்திருக்கு பாய். நான் இன்னா பண்றது?" என்று வைத்துவிட்டேன்.

மூன்று நாள் கழித்து வேலைக்கு வந்தபோது, அந்தச் சுவரை இடிப்பதற்கு மெஷின் வந்து நின்றிருந்தது. லேபின் பின்னால் நான் உடைத்த துண்டுகள் கிடந்தன. ஒழுங்காக உடையும் கியூப், நான்கு பக்கமும் உதிர்ந்து உடுக்கை மாதிரி இடுப்பு ஒடுங்கி நிற்கும். இவை மூலையிலிருந்து கோணலாகப் பிளந்திருந்தன. ஒன்றைப் புரட்டிப் பார்த்தேன். நான் தேதி எழுதிய முகத்தின் மேலேயே மெஷின் தகட்டின் தடம்.

தேதி எழுதுவது, கரண்டியால் தேய்த்துவிட்ட மேல்முகத்தில். அது மேடுபள்ளமாக இருக்கும். அதனால் கியூபைச் சாய்த்து, வழவழப்பான பக்கங்கள் மேலும் கீழும் வரும்படிதான் மெஷினில் வைக்க வேண்டும். காய்ச்சலில் மூன்றையும் திருப்பாமல் அப்படியே வைத்திருக்கிறேன்.

துண்டை எடுத்துக்கொண்டு குவாலிட்டி இன்ஜினியரிடம் போனேன். என்னைவிட வயதில் சின்னவர்.

"சார், கான்கிரீட்ல தப்பில்ல. நான்தான் தப்பா வெச்சு உடைச்சிட்டேன்."

கத்துவார் என்று நின்றேன். அவர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தொட்டில மீதி மூணு இருக்கில்ல? ரெண்ட இப்பவே உடைச்சுப் பாத்துடலாம். நீங்களே வைங்க."

"நானா சார்?"

"பின்ன வேற யாரு?"

தேதி எழுதிய முகம் பக்கவாட்டில் வரும்படி வைத்தேன். இரண்டுமே வேண்டிய பலத்தைத் தாண்டி நின்றுதான் உடைந்தன. இடிக்க வந்த மெஷின் திரும்பிப் போனது. பிழை சோதனையில்தான் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கீழே இன்ஜினியரும் கையெழுத்திட்டார்.

பாயிடம் போனில் சொல்ல மனம் வரவில்லை. அன்று மதியமே வாணியம்பாடிக்குப் பஸ் ஏறினேன். அவர்தான் கதவைத் திறந்தார். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"மூணு நாளா ஒழுங்கா சாப்டவேயில்ல இவரு" என்றார் உள்ளேயிருந்து அவர் மனைவி. என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பாய் கதவை முழுதாகத் திறந்துவிட்டார். பிறகு, "நீங்க சொல்லாம வுட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது மேடம்" என்றார்.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே பாய்."

"சரி, காய்ச்சல் வுட்டுச்சா? உள்ள வந்து உக்காருங்க மொதல்ல."

அதற்குத்தான் அழுதேன். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் காலை மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் என் தவறைச் சொன்னேன். மீண்டும் வேலைக்கு எடுக்கப்பட்டிருந்த பாய் கடைசி வரிசையில் நின்றிருந்தார். யாரோ ஏதோ முணுமுணுத்தபோது, "அதான் சொல்ட்டாங்க இல்ல, வேலையப் பாப்போம்" என்று பிளான்ட் பக்கம் நடந்தார். அதன்பின் ஒருநாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

இன்ஜினியரும் பாயும் என்னிடம் வேறு மாதிரி நடந்திருந்தால், அடுத்த தவறை நான் மறைத்திருப்பேன் என்றே நினைக்கிறேன்.