சுத்தமான கைகள்

அவ்வளவு சுத்தமான கைகளை நான் பார்த்ததில்லை. செம்பூரில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த வெள்ளைச் சட்டைக்காரர், ரயில் கம்பியைத் தொட்டதற்காகச் சானிடைசர் தேய்த்துக்கொண்டார். பிறகு மொபைலைத் திறந்தார். யாரோ ஒரு பெண் வரைந்த தாராவி மழைப் படம். மூலையில் இருந்த அவள் பெயரை அழித்து, தன் பெயரைப் போட்டு, ஓவிய ரசிகர்கள் குரூப்பில் பகிர்ந்தார்.

அவர் மொபைலைக் காட்டிக் கேட்டேன்.

"வரைஞ்சவ பேரை அழிக்கறேளே?"

"நெட்ல கிடக்கறதெல்லாம் பொதுதானே சார்? நான் போடலேன்னா யார் பார்க்கப்போறா? உங்களுக்கும் அனுப்பறேன், ஷேர் பண்ணுங்கோ. என் பேரை மட்டும் எடுத்துடாதீங்கோ. ரொம்பப் பேர் திருடறா."

வடாலாவில் இறங்கும்போது சிநேகமாக என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆபீஸ் போய்ச் சேரும்வரை அந்தக் கையை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.