செருப்பு கழன்றதை நான் பார்த்தேன்

ஒரு ராணுவ வீரரின் கால் மரத்துப்போயிருக்கிறது என்று தெரிந்தும் அவர் முதுகில் ஏறி மிதித்தேன். அப்போது நான் தியாகதுருகத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் அறிவியல் ஆசிரியர். தண்டுவடத்தைக் கரும்பலகையில் வரைந்து பாடம் நடத்துகிறவன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

கால் முதலில் வெளியே வந்து பிறந்தவன் நான். அப்படிப் பிறந்தவன் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்று எங்கள் பக்கத்தில் நம்பினார்கள். எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. ஆனால் என் வாசலில் ஆட்கள் காத்து நிற்பது பிடித்திருந்தது.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. அந்த வாரம் சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளியிருந்தார்கள். கள்ளக்குறிச்சிக்குப் பஸ் இல்லை. பகலெல்லாம் எங்கோ கோடரிச் சத்தம். அது சட்டென்று நின்றால் இன்னும் பயம். போலீஸ் வண்டி வருகிறது என்று அர்த்தம். மேற்கே கல்வராயன் மலை தெரியாதபடி புகை.

அப்படியொரு மத்தியானத்தில் அவர் வந்தார். என் வயதுக்காரர், எல்லையில் வேலை, விடுப்பில் வந்திருந்தார். மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். இடது செருப்பு கழன்று வழியிலேயே கிடந்தது. அவருக்கு அது தெரியவில்லை. நான் பார்த்தேன்.

“லீவு முடியப் போவுது வாத்தியாரே. இப்பிடியே போனா வூட்டுக்கு அனுப்பிடுவானுங்க. ரெண்டு மிதி மிதிச்சி வுடுங்க.”

“கால்ல உணர்ச்சி இருக்கா?”

“கட்ட வெரல்ல கொஞ்சம் கம்மி. நடந்தா சரியாப் பூடும்.”

“ரோடு தெறக்கட்டுங்க, பெரியாஸ்பத்திரிக்கே போலாம்,” என்றார் மனைவி.

“இன்னாடி பயம்? பட்டாளத்துல என் முதுவு மேல மூட்டை மூட்டையா ஏத்துறானுங்க. இவரு ஒல்லிக்குச்சி!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. வழக்கத்தைவிட அழுத்தி மிதித்தேன்.

அவர் கத்தவில்லை. “எறங்குங்க வாத்தியாரே” என்று மிக மெதுவாகச் சொன்னார். வேட்டி நனைந்து மண்ணில் ஈரம் பரவியது. அதன் பிறகு அவர் கால்கள் அசையவில்லை.

வழி கிடைக்கும்வரை அவரைக் கட்டிலில் கிடத்தியிருந்தோம். வரும்போதே அப்படித்தான் வந்தார் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். அவர் மனைவி பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ராணுவ மருத்துவமனைக்கு நானும் கூடப் போனேன். வேலையில் மூட்டை தூக்கி வந்த வினை என்று அவர் டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மனசு தாங்காமல் நடுவில் புகுந்து, மிதித்தது நான்தான் என்றேன். செய்த தப்புக்கு அதுவே பரிகாரம் என்று நினைத்தேன். விடுப்பில், வீட்டில் வந்த காயம் என்று முடிவாயிற்று. ஊனத்துக்குரிய ஓய்வூதியம் இல்லாமலே அவரை அனுப்பிவிட்டார்கள்.

“மிதிக்கச் சொன்னதாவது நானு,” என்றார் திரும்பி வரும்போது. “இத உங்கள யாரு கேட்டா?”

பிறகு நான் யாரையும் மிதிக்கவில்லை. தினமும் காலையில் அவர் வீட்டுக்குப் போய், மருத்துவமனையில் காட்டிக்கொடுத்த பயிற்சிகளைச் செய்ய வைத்தேன். பல வருஷம் கழித்து, கைரோபிராக்டிக் படித்து முதுகெலும்பைக் கையால் சீர்செய்கிற ஒருவரிடம் அவரைச் சென்னைக்கு அழைத்துப்போனேன். அந்த வைத்தியர் முதலில் முதுகைத் தொடவில்லை. நடந்ததைக் கேட்டுக்கொண்டே பாதத்தைத்தான் தொட்டுப் பார்த்தார்.

“கால் மரத்திருந்தா முதுகை மிதிச்சிருக்கவே கூடாது. யார் செஞ்சது?”

நான் வாயைத் திறக்குமுன், “அத வுடுங்க சார். தூங்கறதுக்கு ஒரு வழி சொல்லுங்க” என்றார் பட்டாளத்துக்காரர்.

படுக்கிற விதமும் உட்காருகிற விதமும் கற்றுக்கொடுத்து அனுப்பினார்கள். வலி குறைந்தது. உட்கார்ந்து சாப்பிட முடிந்தது. கால் மட்டும் கடைசிவரை எழவில்லை. நான் உள்ளே நுழைந்ததும் அவர் மனைவி எழுந்து பின்பக்கம் போய்விடுவார். நான் கிளம்பும்வரை வரமாட்டார்.