என் நாத்தனார் அளந்த பிளாஸ்டிக்

அண்ணியும் நாத்தனாரும் ஒத்துப்போனதாக நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை. நாங்கள் என்னவோ ஒத்துப்போனோம். புருஷன் விட்டுவிட்டுப் போனபின் என் நாத்தனார் மகளோடு வந்து எங்கள் பின்னறையில் தங்கினாள். வேலை நிரந்தரமானதும் தனி வீடு பார்த்துவிடுவேன் என்பாள். அதில்தான் அவள் உயிரே இருந்தது.

வேலை என்ன தெரியுமா? ஆய்வகத்தில் பாக்டீரியாவுக்குச் சர்க்கரை ஊட்டி வளர்ப்பார்கள். தின்றது போக மிச்சத்தை அவை, நமக்குத் தொப்பை போடுவது போல, உடம்புக்குள் பிளாஸ்டிக்காகச் சேர்த்துவைக்குமாம். மண்ணில் மக்கிப்போகிற பிளாஸ்டிக். இவள் அதைக் குளோரோஃபார்மில் கரைத்துப் பிரித்து, உலர்த்தி, எடை போடுவாள். கண்ணுக்குத் தெரியாத ஜந்துவின் தொப்பையை அளக்கவா இவ்வளவு படித்தாய் என்று கிண்டல் செய்வேன். அவளும் சிரிப்பாள்.

அதற்கு வைத்திருந்த கண்ணாடிக் குழாய்கள் ஒவ்வொன்றாக உடைந்து தீர்ந்தன. புதிது கேட்டதற்கு, ஆய்வகத்தை நடத்தும் பேராசிரியர், பிளாஸ்டிக் குழாய்தான் கிடக்கிறதே, அதில் செய் என்றார். செய்தாள். கிடைத்த பிளாஸ்டிக்கின் எடை எகிறியது. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு கம்பெனி பணம் போட முன்வந்தது. ஒப்பந்தம் கையெழுத்தானதும் உன் வேலை நிரந்தரம் என்று இவளுக்கு வாக்குக் கொடுத்தார். நாங்கள் இருவரும் வீடு பார்க்கவே கிளம்பிவிட்டோம். மகளுக்கென்று ஜன்னல் வைத்த ஓர் அறை இருந்த வீடு பிடித்திருந்தது.

ஆனால் அந்த எடை இவளை உறுத்திக்கொண்டே இருந்தது. பாக்டீரியாவே போடாமல், வெறும் குளோரோஃபார்மை அந்தக் குழாயில் ஊற்றி, அதேபோல உலர்த்தி எடை போட்டாள். அதிலும் பிளாஸ்டிக் வந்தது. கரைந்து வந்தது குழாய்தான். ஜந்துக்கள் பாவம், எப்போதும் போலக் கொஞ்சமாகத்தான் சேர்த்திருந்தன.

நேரே போய்ச் சொல்லிவிட்டாள். பேராசிரியர் கேட்டாராம்:

"காலிக் குழாயை அளக்கச் சொன்னது யாரும்மா?"

எகிறிய அந்தக் கணக்கு அப்படியே கம்பெனிக்குப் போனது. கையெழுத்தும் ஆனது. நிரந்தர வேலை, சொன்னதை மட்டும் அளக்கிற வேறொருவருக்குப் போனது. இவளை அந்த மாதத்தோடு நிறுத்திவிட்டார்கள். நாசமாய்ப் போகட்டும்.

கண்டும் காணாமல் இருந்திருக்கலாம் என்று என் வீட்டுக்காரர் முணுமுணுத்தார். தங்கையிடம் பேசுகிற பேச்சா இது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு, ஈரக்கையைத் துடைத்தபடி என்னருகில் வந்து நின்றாள்.

"அண்ணி, நாங்க இன்னும் கொஞ்ச நாள் இங்க இருந்துக்கலாமா?"

அவள் பிறந்து வளர்ந்த வீடு அது. வாழவந்த என்னிடம் கேட்கிறாள்.