கால் ஆட்டும் காசி

செங்கம் ரோட்டில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த காசிக்கு உட்கார்ந்தால் கால் ஆடாமல் இருக்காது. “காலை ஆட்டாதடா, குடும்பத்துக்கு ஆகாது” என்று யார் சொன்னாலும் ஒரு நொடிதான் நிற்கும். நன்றாக ஓடுகிற கம்ப்யூட்டரைக் கண்டால் கை வேறு அரிக்கும். 2005இல் ஒரு வியாழக்கிழமை, கடையில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த லினக்ஸ் இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றினான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி!

மறுநாள் மதியம் அடி அண்ணாமலையிலிருந்து சரசு கைக்குழந்தையோடு வந்தாள். புருஷன் தருமன் குவைத்தில் இருந்தான்; அவனோடு இன்டர்நெட்டில் பேசத்தான் வந்திருந்தாள். அவனுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. பிள்ளை பிறந்ததிலிருந்து அதன் சத்தத்தை அவன் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

கம்ப்யூட்டரோ ஊமையாகிக் கிடந்தது. பழைய லினக்ஸில் ஒவ்வொரு சாதனத்துக்கும் உரிய கோப்பு வட்டிலேயே நிலையாக இருக்கும். புதியது, ஒவ்வொரு முறை எழும்போதும் கரண்ட் போனால் அழிந்துவிடும் நினைவகத்தில் காலி இடத்தை விரித்து, அப்போது கண்ணில் பட்ட சாதனத்துக்கு மட்டும் கோப்பு போடும். சத்தம் தரும் சவுண்டு கார்டு அதன் கண்ணில் படவில்லை. காசி கையாலேயே அந்தக் கோப்பைப் போட்டான். தருமனின் “அலோ” கேட்டதுதான் தாமதம், கரண்ட் போய்விட்டது. திரும்பி வந்தபோது போட்ட கோப்பைக் காணோம். மறுபடி போட்டான். மறுபடி கரண்ட் போனது.

சரசுவுக்குக் கண் கலங்கிவிட்டது. “என்னண்ணா ஆச்சு?”

“கிரிவலப் பாதைல நீ போடற பௌர்ணமிக் கடை மாதிரிதாம்மா. போன மாசம் போட்ட பந்தல் இந்த மாசம் இருக்குமா?”

“அதான் நான் ஜனம் வர்றதுக்கு முன்னாடியே போய்ப் போட்டுடறேன். நீங்க ஏன் ஆள் வந்தப்புறம் போடறீங்க?”

காசிக்குச் சுருக்கென்றது. கம்ப்யூட்டர் எழும்போதே படிக்கிற கோப்பில், சவுண்டு கார்டை முதலில் தயார் செய்யும்படி ஒரு வரி சேர்த்தான். பிறகு தானே சுவிட்சை அணைத்தான்.

“ஐயோ, ஏண்ணா!”

சுவிட்சைத் திரும்பப் போட்டான். யாரும் கை வைக்காமலே கோப்பு வந்திருந்தது.

தருமனின் குரல் கிடைத்தபோது குழந்தை தூங்கிப்போயிருந்தது. “இருங்க, எழுப்பறேன்” என்று சரசு அதைத் தட்டப் போனாள்.

“எழுப்பாத, சரசு. மைக்க கிட்ட வை. மூச்சு விடறதாவது கேக்கட்டும்.”

காசி எழுந்து மின்விசிறியை நிறுத்தினான். திரும்ப உட்கார்ந்ததும் கால் தானாக மேசையை இடிக்க ஆரம்பித்தது. முட்டியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டான். குழந்தை கண் விழிக்கும்வரை விடவில்லை.